இடது கையில் ஒரு நூல், வலது கையில் ஒரு நூல்: இருநிற நிட்டிங் கற்றுக்கொள்ள

இருநிற நூலில் பூப்போட்டுப் பின்னிய முதல் தொப்பி பெரும்பாலும் தலைக்குள் நுழையாது. முன்பக்கம் பார்த்தால் பூக்கள் சரியாகத்தான் விழுந்திருக்கும். உள்ளே திருப்பிப் பார்த்தால் தெரியும்: பின்னால் குறுக்கே ஓடும் நூல்கள் வீணைக் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். இதில் அடிக்கடி சறுக்கும் இடம் அதுதான். கைகளைப் பழக்குவது ஒரு வாரத்து வேலை. அந்தப் பின்நூலைத் தளர்வாக விடப் பழகுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

உங்களுக்கு வட்டமாகப் பின்னத் தெரியும், நிட், பர்ல், ரிப், கண்ணி குறைத்தல் நான்கும் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். அது வராவிட்டால் முதலில் ஒரே நிறத்தில் ஒரு தொப்பியை முடித்துவிட்டு வாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் கற்க முயன்றால் எது தவறியது என்றே தெரியாது.

கட்டுரை முழுக்க இரண்டு சொற்கள் வரும். பின்னணியாகப் பரந்து கிடக்கும் நிறம் 'உடல் நிறம்'. அதன்மேல் வடிவமாகத் தெரியும் நிறம் 'பூ நிறம்'. ஒரு நிறத்தில் பின்னும்போது இன்னொரு நிற நூல் பின்பக்கமாகத் தாண்டிப் போகிறதே, அதன் பெயர் ஃப்ளோட்.

1. நூலும் ஊசியும் வாங்கும் முன்

முதல் முயற்சிக்குக் கம்பளி நூல்தான் வேண்டும். பருத்தியும் அக்ரிலிக்கும் வழுவழுப்பானவை. கண்ணிக்குக் கண்ணி அளவு மாறினால் அந்தக் கோணல் அப்படியே தெரியும். கம்பளி இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்; அலசிக் காயப்போட்டதும் சிறு ஏற்றத்தாழ்வுகள் அடங்கிவிடும். மெஷினில் துவைக்கலாம் என்று 'சூப்பர்வாஷ்' முத்திரையோடு வரும் கம்பளியும் வழுக்கும் ரகம்தான். இரண்டாவது தொப்பிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் தலைக்கு ஒரு தொப்பிக்கு வேண்டியவை:

வொர்ஸ்டட் தடிமன் நூல் (100 கிராமுக்குச் சுமார் 200 மீட்டர் வருவது), உடல் நிறத்தில் 100 கிராம், பூ நிறத்தில் 50 கிராம். இரண்டிலும் கொஞ்சம் மிஞ்சும். மாதிரித் துண்டுக்கு அது தேவை. 40 செ.மீ. நீள வட்ட ஊசி 4 மி.மீ., 4.5 மி.மீ., 5 மி.மீ. அளவுகளில் ஒவ்வொன்று. உச்சிக்கு 4.5 மி.மீ. அளவில் இருமுனை ஊசி ஐந்து, அல்லது 80 செ.மீ.க்குக் குறையாத நீண்ட வட்ட ஊசி ஒன்று. மார்க்கர் 13 (வேறு நிற நூலைச் சிறு வளையமாக முடிந்துகொண்டாலும் போதும்). அளவு நாடா, மழுங்கிய முனையுள்ள கம்பளி தைக்கும் ஊசி.

இரண்டு நிறமும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருக்கட்டும். ஒன்று தடிமனாகவும் ஒன்று மெல்லியதாகவும் இருந்தால் கையில் எவ்வளவு நிதானம் இருந்தாலும் பயனில்லை.

நிறம் தேர்ந்தெடுப்பதில் ஒரு பொறி உண்டு. சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு முற்றிலும் வேறு. ஆனால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால், பின்னிய பிறகு பூ தூரத்தில் கரைந்து போகும். இரண்டு உருண்டைகளையும் அருகருகே வைத்து போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஒன்று தெளிவாக வெளிறியும் ஒன்று தெளிவாகக் கறுத்தும் தெரிந்தால் வாங்கலாம். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வேண்டாம்.

அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு வாங்கினால் சாயம் போகிறதா என்று அன்றே பாருங்கள். ஒரு சாண் நூலை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, வெள்ளை டிஷ்யூ பேப்பரில் சுற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். பேப்பரில் கறை படிந்தால் அந்த நூலை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். பதினைந்து மணி நேர உழைப்பு முதல் அலசலில் இளஞ்சிவப்பாகிவிடும்.

2. சார்ட்டைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்

இருநிற வடிவங்கள் கட்டம் போட்ட தாளில் வரும்; அதுதான் சார்ட். ஒரு கட்டம் ஒரு கண்ணி, ஒரு வரிசை ஒரு சுற்று. கீழிருந்து மேலாகப் போக வேண்டும். வட்டமாகப் பின்னும்போது எல்லா வரிசையையும் வலமிருந்து இடமாகவே படிக்க வேண்டும். நம் கண் இடமிருந்து வலமாக ஓடிப் பழகியது. சமச்சீரான பூவாக இருந்தால் தவறு தெரியாது. சாய்வான வடிவமாக இருந்தால் எதிர்ப்பக்கம் சாயும்.

ஒரு சார்ட் புதியவருக்கு ஏற்றதா என்று கண்டுபிடிக்க மூன்றே கேள்விகள். ஒரு வரிசையில் இரண்டு நிறத்துக்கு மேல் வருகிறதா? வந்தால் தள்ளிவையுங்கள். ஒரே நிறம் தொடர்ச்சியாக எத்தனை கட்டம் ஓடுகிறது? ஐந்துக்கு மேல் ஓடினால் இப்போதைக்கு வேண்டாம். ஒரு பூ எத்தனை கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது? உங்கள் மொத்தக் கண்ணி அந்த எண்ணால் மீதியின்றி வகுபட வேண்டும்.

முதல் தொப்பிக்கு இந்தச் சிறு கூட்டல் குறி வடிவம் போதும். நான்கு கண்ணிக்கு ஒருமுறை திரும்பும். 'உ' என்றால் உடல் நிறம், 'பூ' என்றால் பூ நிறம். பின்னும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்:

சுற்று 1: 1 பூ, 3 உ
சுற்று 2: 2 பூ, 1 உ, 1 பூ
சுற்று 3: 1 பூ, 3 உ
சுற்று 4: எல்லாம் உ
சுற்று 5: 2 உ, 1 பூ, 1 உ
சுற்று 6: 1 உ, 3 பூ
சுற்று 7: 2 உ, 1 பூ, 1 உ
சுற்று 8: எல்லாம் உ

எந்த இடத்திலும் ஃப்ளோட் மூன்று கண்ணியைத் தாண்டாது. சுற்று 2 முடிவில் வரும் ஒரு பூவும் அடுத்த பூவின் முதல் இரண்டும் சேர்ந்து மூன்றாகும்; அது தவறல்ல.

3. பழகாத கையை ஒரே நிறத்தில் தனியாகப் பழக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். தாண்டாதீர்கள்.

நூலை வலது கையில் பிடித்து ஊசிமேல் சுற்றிப் பின்னுவது இங்கிலீஷ் முறை. இடது கையில் பிடித்து ஊசி முனையால் அள்ளுவது காண்டினென்டல் முறை. உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். இருநிறத்துக்கு மற்றதும் வேண்டும். இனி நான் வலது கைக்குப் பழகியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இடது கைக்குப் பழகியவர்கள் இதே பயிற்சியை வலது கைக்குச் செய்யுங்கள்.

நூலை இடது சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றி, உள்ளங்கை வழியாகக் கொண்டுவந்து, ஆள்காட்டி விரல்மேல் பின்னாலிருந்து முன்னாகப் போடுங்கள். ஆள்காட்டி விரலுக்கும் ஊசி முனைக்கும் நடுவே இரண்டு, மூன்று செ.மீ. நூல் போதும். விரலைக் கொடிக்கம்பம் மாதிரி உயர்த்தினால் கை வலிக்கும், நூலும் தளரும். வலது ஊசியைக் கண்ணிக்குள் வழக்கம்போல் நுழையுங்கள். முனை நூலின் மேலாகப் போய், அதை அள்ளிக்கொண்டு கண்ணி வழியாகத் திரும்பி வரட்டும். விரல் அசைய வேண்டியதில்லை. ஊசிதான் நூலைத் தேடிப் போக வேண்டும்.

இங்கே வரும் தவறு ஒன்றுதான். முனை நூலுக்கு அடியில் போய் எதிர்ப்பக்கமாகச் சுற்றிவிடும். கண்ணி முறுக்கிக்கொள்ளும். பத்துக் கண்ணிக்கு ஒருமுறை நிறுத்தி ஊசியில் உட்கார்ந்திருக்கும் கண்ணிகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால் உண்டு. வலது கால் ஊசிக்கு முன்னாலும் இடது கால் பின்னாலும் இருந்தால் சரி. வலது கால் பின்னால் போயிருந்தால் நூல் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருக்கிறது.

தினம் 20 நிமிடம், ஐந்தாறு நாள். வட்டமாக நிட் மட்டும். பர்ல் வேண்டாம், வட்டப் பின்னலில் பூ பகுதிக்கு பர்ல் தேவையே இல்லை. இடது கைக் கண்ணிகள் தொளதொளவென்று விழுந்தால் சுண்டுவிரலில் இன்னொரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். இறுகினால் சுற்றை எடுத்துவிடுங்கள். கண்ணை மூடினாலும் பத்துக் கண்ணி வரும் என்றானதும் அடுத்த படிக்குப் போகலாம்.

4. எந்த நிறம் எந்தக் கையில்?

பூ நிறம் இடது கையில். உடல் நிறம் வலது கையில். உங்களுக்கு எந்தக் கை எளிது என்பது இதில் கணக்கே இல்லை.

காரணம் இதுதான். இடது கை நூல் எப்போதும் பின்பக்கத்தில் கீழாக ஓடிவரும், வலது கை நூல் மேலாக ஓடிவரும். கீழிருந்து வரும் நூல் கண்ணியை எட்டச் சற்றே நீண்ட வழி வர வேண்டியிருக்கிறது. அதனால் அந்த நிறக் கண்ணி மயிரிழை அளவு பெரிதாக விழுந்து கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும். பூ எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதால் பூ நிறம் கீழே.

பாதி தொப்பியில் நூலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கும்போது கை மாறிப்போவது சகஜம். அந்த இடத்திலிருந்து பூக்கள் மங்கலாகத் தெரியும். ஏதோ நூல் லாட் மாறிவிட்டது போலத் தோன்றும். அலசினாலும் சரியாகாது. ஒரு துண்டுச் சீட்டில் 'இடது = பூ' என்று எழுதி சார்ட்டோடு குத்தி வையுங்கள்.

உருண்டைகளில் பூ நிறத்தை உங்களுக்கு இடப்பக்கமும் உடல் நிறத்தை வலப்பக்கமும் வையுங்கள். மேல் நூல் மேலேயும் கீழ் நூல் கீழேயும் இருக்கும்வரை சிக்கு விழாது. சிக்கு விழுகிறது என்றால் எங்கோ கை மாறியிருக்கிறது என்று பொருள்.

5. மாதிரித் துண்டு: தட்டையாகப் பின்னி ஏமாறாதீர்கள்

ஒரே ஆள், ஒரே ஊசி, ஒரே நூல் என்றாலும் தட்டையாகப் பின்னும் கேஜும் (10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி வருகிறது என்ற கணக்கு) வட்டமாகப் பின்னும் கேஜும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. தட்டையில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பர்ல் வரும்; நம் பர்ல் கண்ணி நிட் கண்ணியைவிடப் பொதுவாகக் கொஞ்சம் தளர்வு. அதனால் மாதிரித் துண்டும் வட்டப் பின்னலை நடிக்க வேண்டும்.

5 மி.மீ. வட்ட ஊசியில் 32 கண்ணி போடுங்கள். ஒரு வரிசை பின்னி முடித்ததும் திருப்பாதீர்கள். கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, இரண்டு நூலையும் பின்பக்கமாக நீளமான தொங்கலாக விட்டு, மறுபடி வலப்பக்கத்திலிருந்தே நிட் தொடங்குங்கள். இப்படி வடிவத்தின் எட்டுச் சுற்றையும் மூன்று தடவை பின்னுங்கள். ஓரங்கள் அலங்கோலமாக இருக்கும், பரவாயில்லை. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துண்டில் வைத்துப் பிழிந்து, காயவிட்டபின் நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள்.

20 கண்ணி வர வேண்டும். 22 வந்தால் ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள், 18 வந்தால் சிறிதாக்குங்கள். இரண்டு கண்ணி வித்தியாசம்தானே என்று தோன்றும். 104 கண்ணித் தொப்பியில் 20 என்றால் சுற்றளவு 52 செ.மீ.; 22 என்றால் 47 செ.மீ. சொச்சம். 56 செ.மீ. தலைக்கு முதலாவது கச்சிதமாக உட்காரும், இரண்டாவது நெற்றியில் கோடு போடும். இருநிறத் துணி ஒருநிறத் துணியைப்போல இழுபடாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டு நூலில் பின்னும்போது கை தானாக இறுகும். ஒருநிறப் பகுதிக்கு 4.5, பூ பகுதிக்கு 5 என்று இரண்டு ஊசி வைத்துக்கொள்வது இதனால்தான்.

6. ஃப்ளோட்டைத் தளர்த்துவது

இப்போது விஷயத்துக்கு வருவோம். மூன்று உடல் கண்ணி பின்னியாயிற்று, அடுத்தது பூ. இடது கை நூல் அந்த மூன்றையும் தாண்டி வர வேண்டும். இந்தக் கணத்தில் ஊசியில் கண்ணிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். அப்படியே பூ நூலை அள்ளினால், நெருக்கிக் கிடக்கும் மூன்று கண்ணியின் அகலத்துக்குத்தான் ஃப்ளோட் விழும். ஊசியிலிருந்து இறங்கி அந்தக் கண்ணிகள் விரியப் பார்க்கும்போது ஃப்ளோட் விடாது. துணி சுருங்கும்.

செய்ய வேண்டியது: நிறம் மாற்றும் முன், வலது ஊசியில் கடைசியாக வந்த எட்டு, பத்துக் கண்ணிகளை விரலால் வலப்பக்கம் தள்ளி, முடிந்த துணியில் எவ்வளவு அகலமாக இருக்குமோ அவ்வளவுக்கு விரித்துவிடுங்கள். பிறகு புது நிறத்தின் முதல் கண்ணியைப் பின்னுங்கள். பின்னியதும் நூலைச் சுண்டி இழுக்காதீர்கள். அந்தச் சுண்டல் பழைய பழக்கம். கை தெரியாமலே செய்யும்.

ஃப்ளோட் துணியின் பின்பக்கத்தில் படிந்து கிடக்க வேண்டும். விரல் நுழையும் தொங்கலும் வேண்டாம், விறைப்பும் வேண்டாம். சந்தேகம் வந்தால் தளர்வுப் பக்கமே சாயுங்கள். தொங்கலாக விழுந்ததைத் தையல் ஊசி முனையால் பக்கத்துக் கண்ணிகளுக்கு நகர்த்திச் சரிக்கட்டலாம். இறுகியதைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஊறவைத்து இழுத்துக் காயப்போட்டாலும் அது நீளாது.

ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் தொப்பியை இரண்டு கையாலும் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். 52 செ.மீ. துணி குறைந்தது 57, 58 வரை போக வேண்டும். போகவில்லையா, அங்கேயே நிறுத்துங்கள். "அலசினால் சரியாகிவிடும்" என்று மேலே போவது இன்னும் பத்துச் சுற்று பிரிப்பதற்கான ஏற்பாடு.

எவ்வளவு முயன்றாலும் இறுகுகிறவர்களுக்கு ஒரு உபாயம் உண்டு. தொப்பியின் உள்பக்கம் வெளியே வருமாறு குழாயைத் திருப்பிவிட்டு, உங்களுக்கு எதிர்ப்புறம் உள்ள விளிம்பில் பின்னுங்கள். நிட் பக்கம் குழாய்க்கு உள்ளே இருந்தபடி உங்களைப் பார்க்கும். ஃப்ளோட்கள் வளைவின் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் தானாகச் சற்று நீளும். இருமுனை ஊசிகளில் பின்னும்போது, ஒரு ஊசி முடிந்து அடுத்தது தொடங்கும் மூலையில்தான் ஃப்ளோட் அதிகம் இறுகும். அங்கே இந்த உபாயம் கைகொடுக்கும்.

7. நீண்ட ஃப்ளோட்டைப் பிடித்துவைப்பது

மேலே கொடுத்த வடிவத்துக்கு இது தேவையில்லை. அடுத்த சார்ட்டுக்குத் தேவைப்படும். ஃப்ளோட் 2.5 செ.மீ.யைத் தாண்டினால் (நம் கேஜில் ஐந்து கண்ணி) போடும்போது விரலோ காதணியோ மாட்டும். நடுவில் ஓரிடத்தில் துணியோடு பிணைத்துவிட வேண்டும். கையுறையிலும் குழந்தைத் துணியிலும் மூன்று கண்ணிக்கு மேலேயே பிணைப்பது நல்லது.

வலது கை நூலில் பின்னிக்கொண்டிருக்கிறீர்கள், இடது கை நூலைப் பிடிக்க வேண்டும் என்றால்: வலது ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, அதன் முனை இடது நூலுக்கும் அடியில் போகுமாறு செய்யுங்கள், இடது நூல் ஊசிமேல் கிடக்கும். வலது நூலை வழக்கம்போல் சுற்றி, அதை மட்டும் வெளியே இழுங்கள். இடது நூலைக் கீழே இறக்கிவிட்டு அடுத்த கண்ணியைச் சாதாரணமாகப் பின்னுங்கள். பிணைந்துவிட்டது.

இடது கை நூலில் பின்னும்போது வலது நூலைப் பிடிப்பதற்கு ஒரு சுற்று கூடுதல். ஊசியை நுழைத்து, வலது நூலை நிட்டுக்குச் சுற்றுவதுபோல் சுற்றுங்கள். அதன்பின் இடது நூலையும் நிட்டுக்கு எடுப்பதுபோல் ஊசியில் எடுங்கள். இப்போது வலது நூலை வந்த வழியே திரும்பப் பிரித்து எடுத்துவிட்டு, இடது நூலை மட்டும் கண்ணி வழியாக இழுங்கள். முதல் இருபது தடவை இது கழைக்கூத்து போல இருக்கும். வலது நூலைப் பிரிக்க மறந்தால் ஒரு கண்ணிக்கு இரண்டு நிறம் வந்து நிற்கும், அப்போதே தெரிந்துவிடும்.

பிணைத்த இடத்தில் மறைந்த நிறம் முன்பக்கம் லேசாக எட்டிப் பார்க்கும். அடுத்த சுற்றிலும் அதே கண்ணியில் பிணைத்தால் நேர்கோடாகத் தெரியும். ஒன்றிரண்டு கண்ணி தள்ளிப் பிணையுங்கள்.

8. தொப்பி, தொடக்கம் முதல் உச்சி வரை

உடல் நிறத்தில், 4 மி.மீ. ஊசியில் 104 கண்ணி. முறுக்காமல் வட்டமாக இணைத்து, 2 நிட் 2 பர்ல் ரிப் 5 செ.மீ. பிறகு 4.5க்கு மாறி இரண்டு சுற்று நிட்.

எட்டுக் கண்ணிக்கு ஒரு மார்க்கர் வைத்து 5க்கு மாறுங்கள். பூ நூலை முடிச்சுப் போடாமல், 15 செ.மீ. வால் விட்டு அப்படியே பின்னத் தொடங்குங்கள். எட்டுச் சுற்று வடிவத்தை இரண்டு தடவை. ஒவ்வொரு மார்க்கரிலும் வடிவம் ஒரே இடத்தில் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போனால், தவறு எட்டுக் கண்ணிக்குள் பிடிபடும். மார்க்கர் இல்லாவிட்டால் சுற்று முடிவில்தான் ஒரு கண்ணி உதைக்கும். 104ஐயும் துருவ வேண்டும்.

சுற்று தொடங்கும் இடத்தில் வடிவம் ஒரு படி ஏறியதுபோல் தெரியும். வட்டப் பின்னல் சுருள்படிக்கட்டு மாதிரிதான் ஏறுகிறது. அதனால் இது உங்கள் தவறல்ல. அந்த இடம் தலையின் பின்பக்கம் வருமாறு போட்டுக்கொள்ளுங்கள்.

பூ நூலை வெட்டி, 4.5க்குத் திரும்பி, மொத்த உயரம் 14 செ.மீ. ஆகும்வரை நிட். உச்சிக்கு: 11 நிட், 2 சேர்த்து 1, இப்படி எட்டு தடவை (96 கண்ணி). ஒரு சுற்று சாதாரண நிட். 10 நிட், 2 சேர்த்து 1. ஒரு சுற்று நிட். இப்படியே குறைத்து, பகுதிக்கு 6 கண்ணி ஆனதும் ஒவ்வொரு சுற்றிலும் குறையுங்கள். 8 கண்ணி மிஞ்சும்போது நூலை வெட்டி அவற்றின் வழியே இழுத்து இறுக்குங்கள். கண்ணி குறையக் குறைய 40 செ.மீ. ஊசி பெரிதாகிவிடும், அப்போது இருமுனை ஊசிக்கோ நீண்ட வட்ட ஊசிக்கோ மாறுங்கள்.

நேரக் கணக்கு: புதிய கைக்குப் பூச் சுற்று ஒன்றுக்கு 15 முதல் 20 நிமிடம். மாதிரித் துண்டும் பயிற்சியும் போக தொப்பிக்கு மட்டும் 12 முதல் 15 மணி நேரம் ஒதுக்குங்கள். பூச் சுற்றின் நடுவில் எழுந்து போகாதீர்கள். திரும்பி வந்ததும் முதல் சில கண்ணிகளின் இழுப்பு மாறும்.

9. வால்களும் அலசலும்

வால்களை உள்பக்கத்தில் அதே நிறக் கண்ணிகளின் பின்னால் ஓட்டித் தையுங்கள். வெளிர் நிறத்தின் பின்னால் அடர் நிற வாலை ஓட்டினால் முன்னால் நிழல் அடிக்கும்.

தனியாக ஒரு கண்ணி மட்டும் நிறம் மாறிப்போனது இப்போதுதான் கண்ணில் படும். பிரிக்க வேண்டாம். சரியான நிற நூலைத் தையல் ஊசியில் கோத்து, அந்தக் கண்ணியின் 'வி' வடிவத்தின் மேலேயே ஓட்டி மூடிவிடுங்கள். ஒன்றிரண்டு கண்ணிக்கு இது யாருக்கும் தெரியாது. பத்துக் கண்ணியில் செய்தால் அந்த இடம் தடித்துப் போகும்.

வெதுவெதுப்பான நீரில் கம்பளிக்கான சோப்பைக் கலந்து 20 நிமிடம் ஊறவையுங்கள். கசக்கவோ முறுக்கவோ கூடாது. வெந்நீரும் கூடாது, கம்பளி சுருங்கிக் கெட்டித்துவிடும். துண்டில் சுருட்டி மேலே அழுத்தி நீரை எடுங்கள். தலை அளவுக்குக் கவிழ்த்த கிண்ணத்தின் மேலோ, ஊதிய பலூன் மேலோ போட்டு நிழலில் காயவிடுங்கள். ரிப்பை மட்டும் கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே விட்டு, விரலால் கூட்டிவையுங்கள். விரிந்த நிலையில் காய்ந்தால் தொப்பி காதில் நிற்காது.